ஒரு படம், ஆளுக்கொரு அர்த்தம்: இதில் யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி இதுதான்: "பிடித்த படத்தைப் பற்றி ரசிகர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். இயக்குநர் மனதில் இருந்தது ஒன்றுதானே? மற்றதெல்லாம் இல்லாததை இருப்பதாகக் கற்பித்துக்கொள்வதுதானே? இதனால் பேச்சு வளமாகிறதா, வம்புதான் வளர்கிறதா?"

இரண்டும் நடக்கிறது. எப்போது வளம், எப்போது வம்பு என்பதை ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். என் அளவுகோல் எளிமையானது. ஒருவர் சொல்லும் விளக்கத்தைக் கேட்டபின் அந்தப் படத்தில் நான் பார்க்காமல் விட்ட ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும். பட்டால் அந்த விளக்கத்தை நான் ஏற்காவிட்டாலும் எனக்கு அதனால் லாபம். ஒன்றும் படவில்லை என்றால், எவ்வளவு சாமர்த்தியமான விளக்கமாக இருந்தாலும் அது சொன்னவருடைய சாமர்த்தியத்தைத்தான் காட்டுகிறது, படத்தைக் காட்டவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு இடத்திலிருந்தே தொடங்கலாம். 1987-ல் வந்த நாயகன். கடைசிப் பகுதியில் பேரன் வேலு நாயக்கரிடம் "நீங்க நல்லவரா, கெட்டவரா?" என்று கேட்கிறான். அவர் "தெரியலையேப்பா" என்கிறார். இந்த ஒரு பதிலை வைத்து இத்தனை வருடமாகப் பேச்சு ஓயவில்லை.

ஒரு கட்சி இதைப் பணிவாக எடுத்துக்கொள்கிறது. நாலு பேருக்கு நல்லது செய்தவர், தன்னை நல்லவன் என்று தானே சொல்லிக்கொள்ள மாட்டார். இன்னொரு கட்சிக்கு அது நழுவல். வாழ்க்கை முழுக்க எதற்கும் தயங்காத மனிதர், கேட்க வேண்டிய ஒரே கேள்வி வந்தபோது ஒதுங்கிக்கொள்கிறார் என்பது அவர்கள் வாதம். இரண்டு பக்கமும் இப்படியே கத்திக்கொண்டிருந்தால் அது பட்டிமன்றம். ஆனால் யாராவது ஒருவர், "சரி, இதே கேள்வியை மகள் வேறு விதமாக முன்பே கேட்டுவிட்டாளே, அப்போது என்ன சொன்னார்?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பேச்சு வேறு தளத்துக்குப் போகிறது. மகள் சாருமதி இதையெல்லாம் நிறுத்தச் சொல்லும்போது அவரிடம் பதில் இருந்தது. எதிரே இருப்பவர்கள் நிறுத்தட்டும், நான் நிறுத்துகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். வளர்ந்த மகளிடம் சொல்ல இருந்த பதில் சின்னப் பையனிடம் சொல்ல ஏன் இல்லை? மகளிடம் அவர் பேசியது வாதம். பையனிடம் வாதம் செல்லாது. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் அவருடைய நம்பிக்கையில் ஏதோ உடைந்திருக்கிறதா? மகன் சூர்யாவின் சாவு அந்த இடைவெளியில் வருகிறதா, முன்பே வந்துவிட்டதா என்று காட்சி வரிசையைத் தேடிப் போகத் தோன்றும். அந்தத் தேடலைத்தான் வளம் என்கிறேன்.

அதே படத்தில் மூன்றாவது ஒரு வாசிப்பும் உண்டு. அது வேலு நாயக்கரின் மனதைப் பற்றியே கவலைப்படுவதில்லை, கதையின் வடிவத்தைப் பார்க்கிறது. தொடக்கத்தில் தன் தந்தையைக் கொன்ற போலீஸ்காரனைச் சிறுவன் வேலு குத்திக் கொல்கிறான். முடிவில் அவர் கொன்ற கேல்கர் என்ற போலீஸ் அதிகாரியின் மகன் அவரைச் சுட்டுக் கொல்கிறான். ஒரு மகன் தொடங்கி வைத்ததை இன்னொரு மகன் முடித்து வைக்கிறான். இதைக் கவனித்தவர் சொல்லும் வாதம்: பேரன் கேட்ட கேள்விக்கு வேலுவிடம் பதில் இல்லாமல் போகலாம், படத்திடம் இருக்கிறது. முதல் இரண்டு கட்சிக்காரர்களும் நடிகரின் குரலையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் திரைக்கதையைப் பார்த்தார். மூவரும் பேசிக்கொண்டால்தான் முழுப் படமும் மேசைக்கு வருகிறது.

இப்படிப் பல அர்த்தம் பிறப்பது ரசிகர்களின் அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். சினிமா என்ற சாதனமே பாதி வேலையைப் பார்ப்பவரிடம் விட்டுவிடுகிறது. ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த சோதனை சினிமா படிக்கிற எல்லோருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லப்படுவது. மொசூகின் என்ற நடிகரின் உணர்ச்சியே காட்டாத ஒரு முகத்துண்டை எடுத்து, அடுத்தடுத்து ஒரு சூப் கிண்ணம், சவப்பெட்டியில் ஒரு பெண், விளையாடும் ஒரு குழந்தை என்று ஒட்டிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அந்த முகத்தில் சிந்தனையையும் துக்கத்தையும் மகிழ்ச்சியையும் கண்டு நடிப்பைப் பாராட்டினார்கள் என்று ரஷ்ய இயக்குநர் புதோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் ஒன்றே. துக்கத்தைக் கொண்டுவந்தது பார்வையாளர். நாவலாசிரியர் "அவனுக்கு வெட்கமாக இருந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகலாம். கேமராவால் அப்படி எழுத முடியாது, அது ஒரு முகத்தைத்தான் காட்டும். அது வெட்கமா, களைப்பா என்று முடிவு செய்வது நம் வேலை. எனவே இரண்டு பேர் ஒரே முகத்தை இரண்டு விதமாகப் படிப்பது சினிமாவின் கோளாறு இல்லை, அது இயங்கும் முறையே அப்படித்தான்.

அப்புறம், "இயக்குநர் நினைத்தது ஒன்றுதானே" என்ற பகுதிக்கு வருகிறேன். இதற்கு பிளேடு ரன்னரைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1982-ல் ரிட்லி ஸ்காட் எடுத்தது. மனிதனைப் போலவே செய்யப்பட்ட செயற்கை உயிர்களை வேட்டையாடும் டெக்கார்டு என்பவனின் கதை. அவனே அப்படிப்பட்ட ஒரு செயற்கை உயிரா, இல்லை மனிதனா என்பதுதான் ரசிகர்களின் நிரந்தரச் சண்டை. ஸ்காட் அவன் செயற்கை உயிர் என்கிறார். டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு, அவன் மனிதன் என்று நினைத்துத்தான் நடித்ததாகப் பல வருடம் சொல்லிவந்தார், பார்ப்பவர்கள் ஒட்டிக்கொள்ள ஒரு மனிதனாவது வேண்டும் என்பது அவர் கட்சி. இப்போது சொல்லுங்கள், எந்த "ஒன்று"? திரையில் நாம் பார்க்கிற முகம் மனிதனாக நினைத்து நடித்த முகம். அதைச் சுற்றி அடுக்கப்பட்ட காட்சிகள் அவனை அப்படி நினைக்காத ஒருவர் அடுக்கியவை. படத்துக்குள்ளேயே இரண்டு கருத்தும் இருக்கின்றன.

அதோடு போகவில்லை. படம் வெளியானபோது, முன்னோட்டக் காட்சி பார்த்தவர்களுக்குப் புரியவில்லை என்பதால் டெக்கார்டின் குரலில் விளக்கவுரை சேர்த்தார்கள், முடிவையும் மகிழ்ச்சியாக மாற்றினார்கள். அந்த முடிவில் மலைப்பாதையை மேலிருந்து காட்டும் காட்சிகள் இயக்குநர் குப்ரிக் தி ஷைனிங் படத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தவை. 1992-ல் வந்த பதிப்பில் விளக்கவுரையும் அந்த முடிவும் போய்விட்டன. அதற்குப் பதில் டெக்கார்டு ஒற்றைக் கொம்புக் குதிரையைக் கனவில் காணும் சில நொடிகள் வந்தன. 2007-ல் இன்னொரு பதிப்பு.

இதில் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள், கடைசியில் வாசலில் கிடக்கும் காகிதக் குதிரை. காஃப் என்ற போலீஸ்காரன் கையில் கிடைத்த காகிதத்தை மடித்து ஏதாவது செய்துகொண்டே இருப்பான். முடிவில் டெக்கார்டு தன் வீட்டு வாசலில் அவன் மடித்துப் போட்ட ஒற்றைக் கொம்புக் குதிரையைக் குனிந்து எடுக்கிறான். 1982-ன் பதிப்பில் இதற்கு அர்த்தம்: காஃப் இங்கே வந்து போயிருக்கிறான், உள்ளே இருந்த பெண்ணை (அவளும் செயற்கை உயிர்தான்) உயிரோடு விட்டுவிட்டான். கருணைக்கு ஒரு அடையாளம். 1992-ன் பதிப்பில் கனவுக் காட்சி இருப்பதால் அதே காகிதம் மிரட்டுகிறது: நான் யாரிடமும் சொல்லாத கனவு இவனுக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் செயற்கை உயிர்களுக்கு நினைவுகளை வைப்பதுபோல என் கனவும் யாரோ வைத்ததா? வாசலில் கிடப்பது அதே காகிதம், எடுக்கும் கையும் அதே கை. இடையில் சில நொடிகள் சேர்ந்ததில் கருணை சந்தேகமாகிவிட்டது.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். நான் ஃபோர்டு பக்கம். இறுதியில் கூரையிலிருந்து விழப்போகும் டெக்கார்டை, அவன் வேட்டையாட வந்த செயற்கை உயிர்களில் ஒருவனான ராயே கையைப் பிடித்துத் தூக்கிக் காப்பாற்றுகிறான். டெக்கார்டு மனிதனாக இருந்தால், இரக்கம் என்றால் என்னவென்று ஒரு செயற்கை உயிர் மனிதனுக்குக் காட்டுகிறது. அவனும் செயற்கை என்றால் அந்தக் காட்சி எனக்குப் பாதிக்குப் பாதி குறைந்துவிடுகிறது. எதிர்க்கட்சிக்காரர்கள் இதற்குத் தரும் பதிலும் லேசானதில்லை: அடிமைகளை வேட்டையாட இன்னொரு அடிமையையே, அவனுக்கே தெரியாமல், அனுப்பியிருக்கிறார்கள், அதைவிடக் கொடுமை உண்டா என்கிறார்கள். இதைக் கேட்டபின் போலீஸ் தலைவர் பேசும் காட்சிகள் எனக்கு முன்பிருந்த மாதிரி இல்லை. கட்சி மாறவில்லை, ஆனால் படம் மாறிவிட்டது. 2017-ல் வந்த தொடர்ச்சியில் டெனி வில்னவ் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே படத்தை முடித்தார். அதை நான் கோழைத்தனம் என்று எண்ணவில்லை, புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

இயக்குநர் விளக்கம் சொன்னால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் என்பதும் நடைமுறையில் நடப்பதில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசாவா தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். ராஷோமோன் படப்பிடிப்பு தொடங்கும் முன் அவருடைய உதவி இயக்குநர்கள் மூன்று பேர் வந்து திரைக்கதை புரியவில்லை என்றார்கள். மனிதர்கள் தங்களைப் பற்றித் தங்களிடமே உண்மையாக இருக்க முடியாதவர்கள், இது அதைப் பற்றிய கதை என்ற பொருளில் அவர் விளக்கினார். இரண்டு பேர் திரும்பப் படித்துப் பார்க்கிறோம் என்று போனார்கள். மூன்றாமவர் கடைசிவரை ஏற்கவில்லை, அவரோடு ஒத்துப்போகவும் முடியவில்லை. படைத்தவரே எதிரில் உட்கார்ந்து சொல்லியும் நிலைமை இது. அதுவும் தன் சொந்தப் படக்குழுவில்.

நம் இலக்கிய மரபுக்கு இந்த விஷயம் புதிதே இல்லை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்பார்கள், அதில் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காளிங்கர், பரிமேலழகர் உரைகள் நம்மிடம் இருக்கின்றன. குறளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதிலேயே இவர்களுக்குள் வேறுபாடு உண்டு. சினிமாக்காரர்கள் பாஷையில் சொன்னால் எடிட்டிங்கே வேறு. எனக்கு இதில் பிடித்தது பரிமேலழகரின் ஒரு வழக்கம். தன் பொருளைச் சொல்லிவிட்டு, வேறு விதமாகப் பொருள் கொள்பவர்களையும் "என்று உரைப்பாரும் உளர்" என்று குறித்துவைப்பார். சில இடங்களில் அது ஏன் பொருந்தாது என்றும் சொல்வார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையரும் முன்னவரான இளம்பூரணரை மறுக்கிற இடங்களில் அவர் என்ன சொன்னார் என்பதை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டே மறுப்பார். எதிராளியின் விளக்கத்தை அவர் சொன்னபடியே முதலில் வைப்பது என்ற இந்த ஒரு ஒழுங்கு மட்டும் சினிமாப் பேச்சில் இருந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும். இப்போது நடப்பதோ, எதிராளி சொல்லாததை அவர் வாயில் திணித்து அதை அடித்து நொறுக்குவது.

காலம் செய்யும் வேலையும் இருக்கிறது. பாலு மகேந்திராவின் மூன்றாம் பிறை 1982-ல் வந்தது. விபத்தில் மனம் குழந்தைப் பருவத்துக்குத் திரும்பிவிட்ட விஜியைச் சீனு காப்பாற்றி வைத்துப் பார்த்துக்கொள்கிறான். குணமானதும் அவளுக்கு இடைப்பட்ட காலம் மொத்தமும் மறந்துபோகிறது. ரயில் நிலையத்தில் மழையில், தலையில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, அவளைச் சிரிக்கவைத்த அதே குரங்கு வேடிக்கையெல்லாம் சீனு செய்து காட்டுகிறான். அவளுக்கு அவன் யாரோ ஒரு பைத்தியம். ரயில் போய்விடுகிறது.

படம் வந்த காலத்தில் பார்த்தவர்கள் சீனுவுக்காக அழுதார்கள். இன்றும் பலர் அழுகிறார்கள். ஆனால் இப்போது முதல்முறை பார்க்கும் பலர், குறிப்பாகப் பெண்கள், ரயிலுக்குள் இருக்கும் விஜியின் பக்கத்திலிருந்து அதே காட்சியைப் பேசுகிறார்கள். ஒரு பெண் தன் சுயநினைவோடு பெற்றோரிடம் திரும்பிப் போகிறாள். அவளுக்கு இது சோகமான முடிவா? குழந்தை மனதோடு இருந்தபோது அவளிடம் இருந்த அன்பை, அவள் பெரியவளாகத் தந்த அன்பாகக் கணக்கில் எழுத முடியுமா? சீனு கெட்டவன் என்று அவர்கள் சொல்லவில்லை. அவனுடைய இழப்பு உண்மை, அவளுடைய மீட்பும் உண்மை, படம் ஒரே பிளாட்பாரத்தில் இரண்டையும் நிறுத்தியிருக்கிறது என்கிறார்கள்.

இந்த வாசிப்பின் பலம் எனக்கு எங்கே தெரிந்தது என்றால், சீனுமேல் ஆசைப்படும், தலைமையாசிரியரின் இளம் மனைவியாக ஸ்மிதா வரும் கிளைக்கதையில். அது வியாபாரத்துக்காக ஒட்டவைத்தது என்று ஒதுக்குவதுதான் வழக்கமான பேச்சு. ஆனால் சீனு, விஜி உறவில் ஆசைக்கு இடம் உண்டா என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், அந்தக் கிளைக்கதை வரும்போதெல்லாம் சீனு எதை மறுக்கிறான், யாருக்காக மறுக்கிறான் என்று கவனிக்கத் தோன்றுகிறது. வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி அவன் சொல்லாததை அந்தக் காட்சிகள் சொல்கின்றன. இயக்குநர் அப்படி நினைத்துத்தான் வைத்தாரா என்று எனக்குக் கவலையில்லை. தேவையில்லாதது என்று தள்ளிவைத்த காட்சிகளுக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறதே, அது போதும்.

சரி, வம்பு எங்கே தொடங்குகிறது? தி ஷைனிங் பற்றிச் சுற்றும் விளக்கங்கள் இதற்கு நல்ல பாடம், ஏனென்றால் நல்லதும் கெட்டதும் ஒரே படத்தில் கிடைக்கின்றன. 1980-ல் குப்ரிக் எடுத்த படம். பனியில் அடைபட்ட ஒரு பெரிய ஹோட்டலில் ஒரு குடும்பம். இதன் ரசிகர்களின் விளக்கங்களுக்காகவே 2012-ல் அறை 237 என்ற பெயரில் ஒரு ஆவணப்படம் வந்தது.

அதில் ஒரு கட்சி சொல்வது: நிலவில் மனிதன் இறங்கிய காட்சியைப் போலியாக எடுத்துக் கொடுத்தவர் குப்ரிக்தான், அந்தக் குற்ற உணர்வை இந்தப் படத்தில் ஒளித்துவைத்திருக்கிறார். சாட்சி என்ன? சிறுவன் போட்டிருக்கும் ஸ்வெட்டரில் அப்போலோ 11 ராக்கெட். அப்புறம் அறை எண் 237, ஏனென்றால் நிலவு 2,37,000 மைல் தூரத்தில் இருக்கிறதாம். நிலவின் சராசரித் தூரம் 2,38,000 மைலுக்கும் கூடுதல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். மூலநாவலில் அந்த அறையின் எண் 217. வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்ட டிம்பர்லைன் லாட்ஜ், தன் விடுதியில் 217-ஆம் அறை இருப்பதால் விருந்தினர்கள் அதில் தங்கப் பயப்படுவார்கள் என்று கேட்டுக்கொண்டதால், இல்லாத ஓர் எண்ணாக 237 வந்தது. இது விடுதித் தரப்பே சொல்லும் காரணம். நிலவும் இல்லை, ரகசியமும் இல்லை. வாடகை போய்விடுமே என்ற கவலை.

இன்னொரு கட்சி, அமெரிக்கப் பூர்வகுடிகளை அழித்த வரலாற்றை மறைத்து அதன்மேல் கட்டிய வீட்டைப் பற்றிய படம் இது என்கிறது. இதுவும் முதலில் கேட்கும்போது அதீதமாகத்தான் படும். சேமிப்பறையில் பூர்வகுடித் தலைவரின் முகம் போட்ட பேக்கிங் பவுடர் டப்பாக்கள் அடுக்கியிருப்பதைக் காட்டுவார்கள். டப்பாவை வைத்தா வரலாறு என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அவர்கள் அங்கே நிற்பதில்லை. ஹோட்டல் மேலாளர் அந்த இடம் பூர்வகுடிகளின் இடுகாடு இருந்த இடம் என்று சொல்லப்படுவதாகவும், கட்டும்போது அவர்களின் தாக்குதல்களைத் தடுக்க வேண்டியிருந்தது என்றும் படத்திலேயே சாதாரணமாகப் பேசிக்கொண்டு போகிறார். சுவர்களிலும் தரையிலும் பூர்வகுடிகளின் அலங்காரங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. இவ்வளவையும் வைத்துவிட்டு டப்பாவுக்கு வந்தால், டப்பா கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நிலவுக் கட்சியின் ஆதாரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. ஸ்வெட்டருக்கும் அறை எண்ணுக்கும் கதையோடு ஒட்டு உறவு கிடையாது. அவற்றைச் சேர்ப்பது படத்துக்கு வெளியே உள்ள ஒரு வதந்தி. அதை நம்பிவிட்டால் படத்தில் குடும்பம், குடி, கோபம், பயம் எதுவும் தேவையில்லை, எல்லாம் ஒரு பூட்டுக்குச் சாவியாகிவிடும். மற்ற கட்சியின் விளக்கமோ படத்தின் நடுவில் இருப்பதைத் தொடுகிறது: ஒரு தந்தை தன் குடும்பத்தின்மேல் கோடரியைத் தூக்குவதும், இந்த வீட்டில் இதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது என்பதும், யாரும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை என்பதும். அதை முழுதாக ஏற்காதவருக்கும் மேலாளரின் அந்தச் சாவதானமான பேச்சு இனிமேல் காதில் விழாமல் போகாது.

ரசிகர் விளக்கங்களில் எனக்கு அலுப்பூட்டும் இன்னொரு வகை, "எல்லாமே கனவு", "அவன் முதல் காட்சியிலேயே செத்துவிட்டான்" வகை. எந்தப் படத்துக்கும் இதைப் போடலாம், அதுதான் இதன் கோளாறு. எதிர்ச்சான்று எதைக் காட்டினாலும் "அதுவும் கனவில்தான்" என்று வாயை அடைத்துவிடலாம். தோற்கவே முடியாத வாதத்தோடு பேசி என்ன ஆகப்போகிறது?

கனவையே பொருளாகக் கொண்ட இன்செப்ஷன்கூட (2010) இந்த வலையில் சிக்கியது. கடைசியில் மேசைமேல் சுழலும் பம்பரம் விழுமா, விழாதா? விழாவிட்டால் கனவு. அதற்குள் திரை இருண்டுவிடுகிறது. ரசிகர்கள் துப்பறியக் கிளம்பினார்கள். கதாநாயகன் கையில் கல்யாண மோதிரம் கனவுகளில் மட்டுமே இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். நினைவுகளில் வரும் குழந்தைகளும் கடைசிக் காட்சியில் வரும் குழந்தைகளும் ஒரே உடையில்தான் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, இல்லை, உடையில் வித்தியாசம் இருக்கிறது, நடித்த குழந்தைகளே வயது கூடியவர்கள் என்று பெயர்ப் பட்டியலைக் காட்டி இன்னொருவர் மறுத்தார். ஒரு ஃபிரேமுக்கு இவ்வளவு கண்கள் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். மோதிரத்தைக் கவனித்தவர்களால் அந்த மனிதன் இறந்துபோன மனைவியை எங்கே இன்னும் விடவில்லை என்பது துலங்கியது. ஆனால் விடை கனவா, நிஜமா என்பதோடு பேச்சு நின்றுபோகும்போது, சட்டகத்தில் கண்முன் நடக்கும் ஒன்று விட்டுப்போகிறது. அவன் பம்பரத்தைச் சுற்றிவிட்டு, அது என்ன ஆகிறது என்று பார்க்காமலே குழந்தைகளிடம் போய்விடுகிறான். படம் முழுக்க அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவன்! படத்தை எடுத்த நோலன் 2015-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேசியபோது இதைத்தான் சொன்னார், அவனுக்கு அது இனி முக்கியமில்லை என்று. அவர் சொல்வதற்கு முன்பே இதைச் சொன்ன ரசிகர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நட்சத்திர ரசிகர்கள் விஷயத்தை அதிகம் பேச விரும்பவில்லை. நடிகரைக் காப்பாற்றுவதற்காகப் பாத்திரத்துக்கு நல்லபெயர் வாங்கித் தர முனைவது விளக்கம் ஆகாது, வக்காலத்து. அதை ஓர் உரையாடலாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லப் போனால் நேரம்தான் வீண்.

ஆனால் நட்சத்திரப் பாசம் நம் எல்லோருடைய வாசிப்பிலும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், இதில் என்னையும் சேர்த்தே. ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்லும் ராஷோமோன் பாணி தமிழுக்குப் புதிதில்லை. 1954-லேயே பாட்டு ஒன்றுகூட இல்லாமல் அந்த நாள் வந்துவிட்டது. 2004-ல் விருமாண்டி வந்தது. சிறையில் ஆவணப்படம் எடுக்க வரும் ஏஞ்சலா காத்தமுத்துவிடம் முதலில் கொத்தாளத்தேவர் தன் கதையைச் சொல்கிறார். அதில் விருமாண்டி ஒரு முரட்டுக் கொலைகாரன். பிறகு விருமாண்டி சொல்கிறான். அதில் அவன் ஏமாற்றப்பட்டவன், கொத்தாளத்தேவர் சூழ்ச்சிக்காரர்.

பெரும்பாலோர், நான் உட்பட, இரண்டாவதையே உண்மை என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஒரு நண்பர் கேட்டார்: "ஏன்? இரண்டாவதாகச் சொன்னதாலா? நீளமாகச் சொன்னதாலா? சொன்னது கமல் என்பதாலா?" சட்டென்று பதில் வரவில்லை. ராஷோமோனில் கடைசியாகப் பேசும் மரவெட்டியின் சாட்சியத்தை நாம் நம்பத் தொடங்கும் நேரத்தில் அவன் கத்தியைத் திருடியவன் என்பது வெளிவந்து அதையும் சந்தேகத்தில் தள்ளுகிறது. விருமாண்டியில் அப்படி ஒரு தள்ளல் இல்லை. அப்படியானால் படம் இரண்டாம் கதையை உண்மை என்று முத்திரை குத்துகிறதா, அல்லது கதாநாயகன் சொன்னால் நம்பிவிடும் நம் பழக்கத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறதா?

நண்பருக்கு நான் இப்போது தரும் பதில், சிறைக்குள் நடக்கும் கலவரம். அது யாரும் சொல்லும் கதை இல்லை, நிகழ்காலத்தில் நம் கண் முன்னால் நடப்பது. அங்கே சிறைக்காவலர் பேய்க்காமன் எப்படி நடந்துகொள்கிறார், விருமாண்டி ஏஞ்சலாவிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தால், இரண்டாம் கதையின் விருமாண்டியோடுதான் அது ஒத்துப்போகிறது. ஆனால் நண்பர் விடுவதாக இல்லை. ஒருவன் சிறையில் ஒரு பெண்ணைக் காப்பாற்றினான் என்பதால் ஊரில் நடந்ததைப் பற்றி அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜமாகிவிடுமா, தூக்குத் தண்டனைக் கைதிக்குக் கேமரா முன்னால் தன் கதையை அழகாக்கிக்கொள்ள எவ்வளவு காரணம் இருக்கும் என்கிறார். இரண்டு கதைகளிலும் பொதுவாக வரும் காட்சிகளை மட்டும் எடுத்து அடுத்தடுத்து வைத்து, வசனம் எங்கே மாறுகிறது, கேமரா யார் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். உங்களில் யாராவது ஏற்கெனவே அப்படிப் பார்த்திருந்தால், எந்தக் காட்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.